பழைய கார், பிடிவாதத் துரு: கேட்டவர்களுக்குச் சொன்னவை

வீட்டு வாசலிலேயே பழைய காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. சிலருக்குச் சுருக்கமாகவும் சிலருக்குக் கொஞ்சம் கடுமையாகவும் பதில் சொல்லியிருக்கிறேன். கடுமை எல்லாம் பாதுகாப்பு விஷயத்தில் மட்டும்தான்.

கேள்வி: கதவின் அடி ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம் விட்டிருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே கொஞ்சம் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடுமா அண்ணா?

பதில்: கொப்புளம் வெளியே தெரிந்தால், துரு பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்திருக்கிறது தம்பி. கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்குக் கதவின் அடியில் சின்னத் துளைகள் இருக்கும். அதில் மண்ணும் சருகும் அடைத்துக்கொண்டால் கதவே தொட்டியாகிவிடும். முதலில் ஒரு கம்பியை விட்டு அந்தத் துளைகளைத் திறந்துவிடுங்கள்.

அடுத்து திருப்புளி முனையால் கொப்புளத்தை அழுத்திப் பாருங்கள். உள்ளே போய்விட்டால் அங்கே தகடு இல்லை, பெயிண்ட் மட்டும்தான் நின்றுகொண்டிருக்கிறது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஓட்டையின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடுத்த மழைக்காலத்தில் அப்படியே பெயர்ந்து கையோடு வரும்.

தகடு கெட்டியாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கொப்புளத்தைத் தாண்டி ஓர் அங்குலம் வரை வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, குழிகளில் ஒட்டியிருக்கும் கறுப்புக்கு மட்டும் துரு மாற்றி திரவம் தொட்டு வையுங்கள். பிறகு எபாக்ஸி பிரைமர், அதாவது பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. பட்டி வேண்டுமென்றால் பிரைமருக்கு மேலே, வெறும் தகட்டின் மேல் வேண்டாம். வெளிவேலை எல்லாம் முடிந்ததும் கதவின் உள்ளே மெழுகு ஸ்பிரே அடிக்க மறக்காதீர்கள். எல்லோரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான்.

கேள்வி: கீல், பிராக்கெட், சின்ன போல்ட்டுகளை வினிகரில் ஊறப்போடலாமா?

பதில்: தாராளமாக. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அமிலம் துருவைத் தொடாது. ஓர் இரவு போதும். காலையில் எடுத்து வயர் பிரஷ்ஷால் தேய்த்தால் கறுப்பாகக் கழன்று வரும். ஆனால் எடுத்த பிறகுதான் முக்கியமான வேலை. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, சுடுதண்ணீரில் அலசி, உடனே காற்றடித்து உலர்த்துங்கள். 'டீ குடித்துவிட்டு வருகிறேன்' என்று போனால், திரும்பி வரும்போது மஞ்சள் துரு மறுபடி பூத்திருக்கும். உலர்ந்த சூட்டோடு எண்ணெய் பூசுங்கள், அல்லது பிரைமர் அடித்துவிடுங்கள். துத்தநாகப் பூச்சு உள்ள பொருளாக இருந்தால், அந்தப் பூச்சும் துருவோடு சேர்ந்து போய்விடும்.

கேள்வி: பேட்டரி சார்ஜரிலிருந்து கரண்ட் வைத்துத் துரு எடுக்கிறேன். தண்ணீரில் உப்புப் போட்டு, எவர்சில்வர் தட்டை ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். வேகமாக வேலை செய்கிறது. சரிதானே?

பதில்: இதைப் படித்ததும் சார்ஜரை நிறுத்துங்கள். உப்புத் தண்ணீரில் கரண்ட் விட்டால் குளோரின் வாயு வரும். எவர்சில்வரில் இருக்கும் குரோமியம் கரைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மமாக அந்தத் தண்ணீரில் நிற்கும். அதைச் சாக்கடையிலும் மண்ணிலும் ஊற்றாதீர்கள். அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும்.

முறை இதுதான். பிளாஸ்டிக் வாளி, 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தில் நெகட்டிவ், வேண்டாத சாதாரண இரும்புத் துண்டில் பாசிட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம்தான் கரையும், பார்த்துச் செய்யுங்கள். கரண்ட் நேராகப் பார்க்கிற பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும், அதனால் இடையில் திருப்பி வைக்க வேண்டும். குமிழியாக வருவது ஹைட்ரஜன். திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம், கிளிப்பைக் கழற்றுமுன் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அலுமினியப் பாகத்தை இதில் போடவே கூடாது, சோடா அதை அரித்துவிடும். இன்னொன்று: புதுரகத் தானியங்கிச் சார்ஜர்கள் பேட்டரி இல்லாவிட்டால் கரண்டே விடாது. பழைய சாதா சார்ஜர்தான் இதற்குத் தோது.

கேள்வி: அடிப்பக்கத்து நட்டு அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்பேனரில் குழாய் மாட்டி இழுக்கலாமா?

பதில்: இழுத்தால் போல்ட் தலை கையோடு வரும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. மரைக்குள் அது உப்பிக்கொண்டுதான் பிடித்து வைத்திருக்கிறது. மரையை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு, ஒருநாள் விடுங்கள். மறுநாள் தலையில் நாலு தட்டு, மறுபடி எண்ணெய். முதலில் இறுக்குகிற பக்கம் துளியூண்டு அசைத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. ரப்பர் புஷ், பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எதுவும் பக்கத்தில் இல்லை என்றால் மட்டும் நட்டைச் சூடு பண்ணலாம். எண்ணெய் விட்ட இடம் தீப்பிடிக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது இதையெல்லாம் செய்ய வேண்டாம், ஸ்டாண்டு வைத்துவிட்டுப் படுங்கள்.

கேள்வி: பிரேக் டிஸ்க்கிலும் பிரேக் குழாயிலும் துரு. இரண்டையும் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாமா சார்?

பதில்: டிஸ்க்கின் மேல் செம்மண் தூவியதுபோல் இருப்பது ஒரு ராத்திரி ஈரத்தில் வருவது. நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். பேட் உரசும் இடத்தில் பெயிண்ட் அடிக்கவே கூடாது. ஆழமான குழி இருந்தாலோ, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே தேய்ந்திருந்தாலோ மாற்றுங்கள்.

குழாய் வேறு கதை. மேலே குழி விழுந்துவிட்டால் மிச்சச் சுவர் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாது, தேய்த்தால் இன்னும் மெலியும். புதுக்குழாய் போடுங்கள். இதில் பேரமே கிடையாது.

கேள்வி: வினிகர் கேட்டவன்தான் அண்ணா. சஸ்பென்ஷன் போல்ட்டுகளையும் சேர்த்துப் போட்டு மூன்று நாள் மறந்துவிட்டேன். பார்க்கப் பளபள என்றுதான் இருக்கிறது. மாட்டலாமா?

பதில்: தலையில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 10.9, 12.9 என்றிருந்தால் அது அதிக வலுவுள்ள கடின எஃகு ரகம், தூக்கிப் போடுங்கள். அமிலத்தில் வெளியாகும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடலாம். வெளியே ஒன்றும் தெரியாது. இறுக்கிவிட்ட பிறகு ஒருநாள் சொல்லாமல் உடையலாம். சுருள்வில்லையும் இதே காரணத்தால் அமிலத்தில் போடக்கூடாது. முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு.

கேள்வி: குரோம் பம்பரில் புள்ளி புள்ளியாகத் துரு.

பதில்: அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கவும். புள்ளி இருந்த இடத்தில் குழி தெரிந்தால் பூச்சு போய்விட்டது. மெழுகு பூசி நாள் கடத்தலாம், அவ்வளவுதான்.

கேள்வி: பற்றவைக்குமுன் தகட்டைப் பிரேக் கிளீனரால் துடைக்கலாமா? பெட்ரோல் டேங்கிலும் ஊசித்துளை அளவு ஒழுகல் இருக்கிறது. காலி பண்ணிவிட்டேன், அதையும் சேர்த்து அடைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

பதில்: பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த ரகம் உண்டு. அதன் மிச்சத்தில் வெல்டிங் சூடு பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும், கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரலைக் கெடுக்கும். டப்பாவைப் பார்த்து முடிவு பண்ண வேண்டாம். வெல்டிங் இடத்துக்கு அந்த டப்பாவையே கொண்டுபோகாதீர்கள், அசிட்டோனில் துடைத்து முழுக்க உலரவிடுங்கள்.

டேங்க் காலி என்கிறீர்கள். பெட்ரோல்தான் காலி, ஆவி உள்ளேயே இருக்கிறது. வெடிப்பது அந்த ஆவிதான். வெல்டிங், கிரைண்டர், ஹீட் கன் எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். துருவில் ஒரு ஊசித்துளை விழுந்தால் பக்கத்தில் இன்னும் பத்து தயாராக இருக்கும். வேறு டேங்க் தேடுங்கள்.