வாசகர் கேள்வி – பதில்: என்ஜின் ஃபிட்டர் பாண்டி

கேள்வி: புதுச்சேரியில் உங்கள் விமானப்படை நண்பர் காலமானதைச் சென்ற இதழில் ஒரே வரியில் சொல்லி நிறுத்திவிட்டீர்கள். அவர் எந்தப் போர் விமானம் ஓட்டினார்?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கருவடிக்குப்பம் சுடுகாட்டிலும் ஒருவர் இதையேதான் கேட்டார். எரிச்சலாக வந்தது. நண்பர் எதையும் ஓட்டவில்லை ஐயா. லாஸ்பேட்டையில் ஸ்கூட்டர் ஓட்டினார், அதுவும் சுமாராகத்தான். விமானப்படையில் அவர் என்ஜின் ஃபிட்டர், அதாவது விமான என்ஜின்களைப் பராமரிக்கும் மெக்கானிக். ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டதால் வடநாட்டு நண்பர்களுக்குக் கடைசிவரை அவர் ‘பாண்டி’. தாம்பரத்தில் இருவரும் ஒன்றாகப் பயிற்சி முடித்தோம். பிறகு சண்டிகரில் ஏஎன்-32 விமானங்களோடு மல்லுக்கட்டினோம்.

1984 முதல் நம் விமானப்படையில் இருக்கும் சரக்கு விமானம் அது. இரண்டு என்ஜின்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5,000 குதிரைத்திறன். 10,000 அடிக்கு மேல் இருக்கும் லடாக்கின் லே ஓடுதளத்தில், காற்றே மெலிந்து கிடக்கும் இடத்தில், இறங்கி ஏற அந்த வலு வேண்டும். என்ஜின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருப்பார்கள். அதனால் எங்கள் பிழைப்பு ஏணிமேல்தான்.

பாண்டியின் கைவேலையைப் பார்க்க வேண்டுமென்றால் லாக்கிங் வயரைப் பார்க்க வேண்டும். போல்ட் தலையில் இருக்கும் துளையில் மெல்லிய கம்பியைக் கோத்து, முறுக்கி, பக்கத்து போல்ட்டோடு பிணைப்பது. அதிர்வில் ஒன்று கழலப் பார்த்தால், கம்பி அதை இறுகும் பக்கமாக இழுத்துப் பிடிக்கும். திசை மாறிக் கட்டினால் கட்டாததற்குச் சமம். கையுறையோடு இந்த வேலை ஓடாது. சண்டிகர் ஜனவரிக் குளிரில் பாண்டி கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு முறுக்குவார். வெட்டிய நுனிகள் சட்டைப் பைக்குள் போகும். கீழே இறங்கியதும் அவற்றை உள்ளங்கையில் கொட்டி எண்ணுவார். ஒரு நுனி குறைந்தாலும், என்ஜினுக்குள் கிடக்குமோ என்று டார்ச்சோடு மறுபடி ஏணி. மெஸ்ஸில் ரொட்டி ஆறுகிறதே என்று நாங்கள் கீழே நின்று திட்டுவோம். காதில் விழாதது போல இருப்பார்.

வேலை முடிந்தால் ‘செவன் ஹண்ட்ரட்’ என்று நாங்கள் சொல்லும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதைப் பார்த்து, தானும் கையெழுத்திட்டுத்தான் விமானி ஏறுவார். அவசரப்படுத்திய இளம் விமானி ஒருவரிடம், “இரண்டே நிமிடம் சார்” என்று பணிவாகச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார் பாண்டி. அந்த விமானி பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்குப் போன் செய்வார்.

ஓய்வுபெற்ற பிறகு வீடு லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அமைந்தது. ஹைதராபாத் விமானம் வந்தால் டீக்கடையில் எங்கள் பேச்சு நின்றுவிடும். டம்ளரைப் பிடித்தபடி சத்தத்தைக் கேட்பார். பிறகு “ம்” என்பார். அந்த ஒரு எழுத்தில் என்ஜினுக்குச் சான்றிதழ் கிடைத்துவிடும்.

கேள்வி: 2016இல் வங்கக் கடலில் காணாமல் போனதும் ஏஎன்-32தானே? அதைப் பற்றி நண்பர் பேசியிருக்கிறாரா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: ஆம். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானம். தேடல் நடந்த நாட்களில் பாண்டி டிவி பக்கமே போகவில்லை. 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் படம்பிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அன்று காலை ஆறு மணிக்கே கடலூரில் இருக்கும் எனக்குப் போன் செய்தார். “ஆழத்தைப் பார்த்தாயா?” என்றார். பார்த்தேன் என்றேன். “வீட்டுக்காரர்களுக்கு இனிமேல் ஒரு இடமாவது தெரியும்” என்றார். அதற்குமேல் இருவருக்கும் பேச வரவில்லை, வைத்துவிட்டோம்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ. ஸ்பானரும் கையுமாகத் திரிகிறான். விமானப்படையில் சேர வழி உண்டா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: உண்டு. எங்களைப் போன்ற வேலைகளுக்கு 2022 முதல் அக்னிவீர் வாயு என்ற குறுகிய காலப் பணித் திட்டம் வழியாகத்தான் எடுக்கிறார்கள். வயது 17½ முதல் 21. அறிவியல் பிரிவு என்றால் கணிதம், இயற்பியல், ஆங்கிலத்தோடு 50 சதவீத மதிப்பெண் வேண்டும். ஆங்கிலத்தில் தனியாகவும் 50 கேட்கிறார்கள். பணி நான்கு ஆண்டுகள். அதன்பின் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்டே அனுப்புங்கள். ஆங்கிலத்தை இப்போதே உருப்போடச் சொல்லுங்கள். இந்தியைப் பற்றிக் கவலை வேண்டாம், மெஸ் வரிசையில் நின்றால் தானாக வந்துவிடும்.