முதல் போர்டு எது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மைக்ரோகன்ட்ரோலர் (நாம் எழுதும் புரோகிராமின்படி விளக்கு, மோட்டார் போன்றவற்றை இயக்கும் குட்டிக் கணினிச் சிப்) பழக எந்த போர்டு வாங்குவது என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த பழைய மாவட்டத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே போர்டு பொருந்தாது என்பதால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

"ஒன்பதாவது படிக்கும் மகன் போர்டு வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்கிறான். எனக்குத் தறி வேலையைத் தவிர வேறு தெரியாது. கடையில் நாலைந்து வகை காட்டுகிறார்கள். எதை வாங்கித் தரட்டும்?" (குடியாத்தம்)

ஆர்டுவினோ ஊனோ வாங்கிக் கொடுங்கள், ஐயா. அசல் கம்பெனி போர்டுதான் வேண்டும் என்றில்லை. இதை உருவாக்கியவர்களே வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துச் செய்த போர்டுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பையன் பழக அது தாராளம்.

ஊனோ 2010இல் வந்தது. அதிலிருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். புரோகிராம் வைக்க 32 கேபி, ஓடும்போது பயன்படுத்த 2 கேபி நினைவகம். கேட்டால் மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் விளக்கை எரியவிடுவது, பட்டனை அழுத்தினால் பஸர் ஒலிப்பது, வெயிலின் சூட்டை அளப்பது, டேங்கில் தண்ணீர் மட்டம் பார்ப்பது எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். இது 5 வோல்ட்டில் ஓடுவது இன்னொரு நன்மை. கடையில் கிடைக்கும் சாதாரண சென்சார்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் வேலை செய்பவை, அப்படியே இணைத்துவிடலாம்.

வாங்கும்போது நீளமான கறுப்பு சிப் சாக்கெட்டில் செருகியிருக்கும் வகையாகக் கேளுங்கள். என்னிடம் பழக வந்த ஒரு சிறுமியின் போர்டில் 12 வோல்ட் ஒயர் ஒன்று தவறி ஒரு பின்னில் (ஒயர் இணைக்கும் முனையில்) பட்டுவிட்டது. போர்டே போயிற்று என்று அழுதுவிட்டாள். சிப்பை மட்டும் கழற்றிப் புதிது செருகினோம், பிழைத்துக்கொண்டது. மாற்று சிப் வாங்கினால் பூட்லோடர் (கணினியிலிருந்து புரோகிராமை வாங்கிக்கொள்ளும் சிறு மென்பொருள்) ஏற்றியதா என்று கேட்டு வாங்க வேண்டும், வெற்றுச் சிப் அப்படியே ஓடாது.

முப்பது சென்சார் அடங்கிய பெரிய பெட்டியைக் கடைக்காரர் காட்டுவார். வேண்டாம். அதில் முக்கால்வாசி தொடப்படாமலே கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒரு பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயர் குத்தி இணைக்கும் துளைப் பலகை), ஜம்பர் ஒயர்கள், பத்து எல்இடி, அவற்றுக்கு 220 ஓம் ரெசிஸ்டர்கள், இரண்டு பட்டன், ஒரு பஸர் போதும். மிச்சப் பணத்தில் வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். அது அவனுக்குப் பத்து வருஷம் உழைக்கும்.

நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். தறியில் எந்த இழை அறுந்தது என்று தேடிப் பிடிக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது. பிரெட்போர்டில் கழன்ற ஒயரைத் தேடவும் அந்தக் கண்தான் வேண்டும்.

"கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊனோ பழசு, இஎஸ்பி32 வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். நேராக அதற்கே போகலாமா?" (சத்துவாச்சாரி)

போகலாம், தம்பி. சி மொழி கொஞ்சம் தெரிந்திருந்தால் தயங்கவே வேண்டாம். இரண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ் வரை வேகம், 520 கேபி நினைவகம், போர்டிலேயே வை-ஃபையும் புளூடூத்தும். ஊனோ விலைக்கு இவ்வளவும் கிடைக்கும்போது நண்பர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த போர்டு சில இடங்களில் வாய் திறந்து சொல்லாமலே தப்பாக நடக்கும். அவற்றை முன்பே தெரிந்துகொண்டால் பல இரவுகள் மிச்சம்.

முதலில், இது 3.3 வோல்ட் போர்டு. தூரம் அளக்கும் எச்.சி-எஸ்ஆர்04 சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட்டை அனுப்பும். அதை நேராகக் கொடுக்காதீர்கள். சென்சாரிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக போர்டு பின்னுக்கும், அங்கிருந்து 2 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கும் இணைத்தால் 3.3 வோல்ட் அளவில் வந்து சேரும். 34 முதல் 39 வரையான பின்கள் சிக்னலை உள்வாங்க மட்டுமே உதவும், வெளியே அனுப்பாது. அங்கே எல்இடி மாட்டிவிட்டு எரியவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம். ஏடிசி என்பது ஏறி இறங்கும் வோல்ட்டேஜை (அனலாக்) எண்ணாக மாற்றும் பகுதி. ஏடிசி2 பிரிவைச் சேர்ந்த பின்களில் வை-ஃபை ஓடும்போது அனலாக் அளவு எடுக்க முடியாது, 32 முதல் 39 வரையுள்ள ஏடிசி1 பின்களைப் பயன்படுத்துங்கள். 12ஆம் பின் ஆன் செய்யும் நேரத்தில் ஹை நிலையில் (வோல்ட்டேஜ் உள்ள நிலையில்) இருந்தால் போர்டு தொடங்கவே மறுக்கலாம். விடுதி ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் கொடுத்தால் இதற்கு எட்டாது, 2.4 வேண்டும்.

இன்னொன்று: பல இஎஸ்பி32 போர்டுகள் அகலமானவை. ஒரு பிரெட்போர்டில் செருகினால் ஒரு பக்கம் ஒயர் குத்தத் துளையே மிஞ்சாது. இரண்டு பிரெட்போர்டுகளை ஒட்டிவைத்து நடுவில் செருகுங்கள்.

"ராஸ்பெர்ரி பையும் பிக்கோவும் ஒன்றுதானே?" (ஆற்காடு)

இல்லை. ராஸ்பெர்ரி பை என்பது லினக்ஸ் ஓடும் முழுக் கணினி. பிக்கோ மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்தது. பைத்தான் தெரிந்தவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான். போர்டில் உள்ள பூட்செல் பட்டனை அழுத்தியபடி யூஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும், மைக்ரோபைத்தான் (மைக்ரோகன்ட்ரோலருக்கான பைத்தான்) ஃபைலை அதில் போட்டால் தயார். சோல்டர் செய்யத் தெரியாதென்றால் பின் பொருத்திய 'எச்' வகையைக் கேளுங்கள். 'டபிள்யூ' என்றிருந்தால் வை-ஃபை உண்டு.

"மாதனூர் பக்கம் பாலாற்றோரம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். 7.5 எச்பி மும்முனை மோட்டார். ஒரு இஎஸ்பி போர்டும் ரிலேவும் வாங்கி மோட்டாரைச் செல்போனில் ஓட்டலாமா? மண் ஈரமும் தெரிய வேண்டும்."

இரண்டையும் பிரித்துவிடுவோம், அண்ணே. மோட்டாரைத் தொடாதீர்கள். ஈரத்தை அளங்கள்.

ரிலே என்பது போர்டு சொன்னபடி ஆன், ஆஃப் ஆகும் சுவிட்ச். கடையில் விற்கும் நீல ரிலேவின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். உங்கள் மோட்டாருக்கு வருவது மும்முனை, பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 415 வோல்ட். ஸ்டார்ட்டருக்குள் மோட்டாரை இணைக்கும் சுவிட்சை இழுக்கும் காயிலே (கம்பிச் சுருளே) பல இடங்களில் இரண்டு பேஸுக்கு நடுவில்தான் இணைக்கப்பட்டிருக்கும். ஆக மோட்டாரை மட்டுமல்ல, காயிலைத் தட்டிவிடக்கூட அந்த ரிலே லாயக்கில்லை. உள்ளே தொடுமுனை ஒட்டிக்கொண்டால் போனில் நிறுத்து என்று அழுத்தியும் மோட்டார் நிற்காது. இதற்கென்றே சிம் போட்டு ஓடும் செல்போன் ஸ்டார்ட்டர்கள் விற்கிறார்கள். பேஸ் போனாலும் தண்ணீர் வற்றினாலும் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து, எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். உயிர் விஷயம், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மண் ஈரத்துக்கு இரண்டு முள் போலக் குத்தும் மலிவான சென்சாரை வாங்காதீர்கள். மின்சாரம் மண்ணுக்குள் பாயப் பாய முள் அரித்துப்போகும். உங்கள் பக்கத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றோரம் பல நிலங்கள் உப்பேறிக் கிடக்கின்றன. உப்பு மண்ணில் மின்சாரம் எளிதாகப் பாயும், அதனால் காய்ந்த மண்ணையும் ஈரம் என்று அந்தச் சென்சார் சொல்லிவிடும். கெப்பாசிட்டிவ் வகைச் சென்சார் உலோகத்தை மண்ணில் படவிடாது, உப்பின் தொந்தரவும் அதில் குறைவு. மேல்பகுதியில் உள்ள சின்னச் சின்னப் பாகங்களை நெயில் பாலிஷோ எப்பாக்ஸியோ பூசி மூடுங்கள். காற்றில் பிடித்து ஒரு அளவு, நன்றாகத் தண்ணீர் பாய்ந்த மறுநாள் காலை உங்கள் மண்ணில் ஒரு அளவு எடுத்து எழுதிவையுங்கள். கடைக்காரர் சொல்லும் எண் உங்கள் மண்ணுக்குப் பொருந்தாது.

வீட்டு வை-ஃபை தோப்புக்கு எட்டினால் இஎஸ்பி32 போதும். எட்டாவிட்டால் லோரா (சிறு தகவலை ரேடியோ அலையில் வெகுதூரம் அனுப்பும் முறை) மாட்யூல் இரண்டு, தோப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், அந்த அலைவரிசைக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்குங்கள்.

"ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆசை. ஒயர் என்றாலே பயப்படுகிறார்கள்." (ராணிப்பேட்டை ஆசிரியை)

அப்படியானால் மைக்ரோபிட், டீச்சர். இருபத்தைந்து எல்இடி, இரண்டு பட்டன், அசைவையும் திசையையும் அறியும் சென்சார்கள் போர்டிலேயே இருக்கின்றன, முதல் ஒரு மாதம் ஒயரே வேண்டாம். கட்டங்களை இழுத்து அடுக்கியே புரோகிராம் எழுதலாம். விலை ஊனோ நகலைவிட அதிகம், மூன்று பிள்ளைகளுக்கு ஒன்று என்று வையுங்கள். பக்கத்துப் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள், ஆறாம் வகுப்பு முதல் பிள்ளைகள் இதுபோன்றவற்றைத் தொட்டுப் பழகத்தான் அது.

"புது போர்டு. லைட் எரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் கண்டுகொள்ளவில்லை." (வாணியம்பாடி)

கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் ஏற்ற மட்டும் உதவும் கேபிளில் டேட்டா ஒயரே இருக்காது. அப்படியும் தெரியாவிட்டால் சிஎச்340 டிரைவரைக் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள், நகல் போர்டுகளில் யூஎஸ்பி வழியே பேசுவது பெரும்பாலும் அந்தச் சிப்தான். போர்டைத் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

"ஊனோவில் ரோபோ கார் செய்தோம். மோட்டார் சுற்றத் தொடங்கியதும் போர்டு அணைந்து அணைந்து எரிகிறது. வேறு போர்டு வாங்கணுமா?" (பேரணாம்பட்டு, பத்தாம் வகுப்பு மாணவிகள்)

வேண்டாம் பிள்ளைகளே, போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. செவ்வக வடிவ 9 வோல்ட் பேட்டரி போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், குற்றவாளி அதுதான். அதன் வோல்ட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது, மோட்டார் கேட்கும் கரண்ட்டை அதால் கொடுக்க முடியாது. கேட்ட நொடியில் வோல்ட்டேஜ் சரிகிறது, போர்டு ரீசெட் ஆகிறது. 18650 வகை லித்தியம் செல் (சார்ஜ் ஏற்றக்கூடியது) இரண்டைப் பாதுகாப்புச் சர்க்யூட்டோடு வரிசையாக இணைத்து மோட்டார் டிரைவருக்கு (போர்டு சொன்னபடி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சிறு போர்டுக்கு) கொடுங்கள். மோட்டாரை ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து ஓட்டாதீர்கள். பேட்டரியின் கிரவுண்டும் ஊனோவின் கிரவுண்டும் ஒரு ஒயரால் சேர்ந்திருக்க வேண்டும், நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த ஒயரைக் காணோம். அதைப் போட்டுவிட்டு கார் எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள்.