காற்றுக் காலத்தில் குறையும் மைலேஜ்

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து பணகுடிக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். நாலு வருடமான பெட்ரோல் வண்டி. சித்திரை வரை லிட்டருக்கு 18 கொடுத்தது. ஆனி பிறந்ததிலிருந்து டேஷ்போர்டில் 15தான் காட்டுகிறது. இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், 6,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள் ஒர்க்‌ஷாப்பில். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் மைலேஜை நீங்களே அளந்து பாருங்கள். டேஷ்போர்டு காட்டுவது வண்டி போடும் கணக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

டேங்க்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் முதல் தடவை தானாக நின்றதும் போதும். "ரவுண்டாப் போட்டுருவோமாக்கா?" என்று கேட்பார்கள், வேண்டாம் என்றுவிடுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். முக்கால் டேங்க் தீர்ந்ததும் அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்பில், அதே மாதிரி நிரப்புங்கள். 480 கிலோமீட்டர் ஓடி 30 லிட்டர் பிடித்தால் 16. இப்படி மூன்று டேங்க் பார்த்தால்தான் நம்பலாம். அளவில் சந்தேகம் வந்தால் பங்க்கில் இருக்கும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது.

அப்புறம், நீங்கள் போகிற சாலையையும் பாருங்கள். வள்ளியூர், பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பதே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றுக்காகத்தான். காலையில் நீங்கள் தென்மேற்காகப் போகும்போது அது எதிரிலும் பக்கவாட்டிலுமாக மோதும். 80ல் போகும் வண்டிக்கு 30 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால், வண்டியைப் பொறுத்தவரை அது 110ல் போவது மாதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே கிட்டத்தட்ட 1.9 மடங்கு. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 0.4 மடங்காக இறங்கும். இரண்டுக்கும் சராசரி 1.15. காலையில் செலவானது சாயங்காலம் முழுசாகத் திரும்பி வராது. மைலேஜ் இறங்கியதற்குக் காற்றும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நாலுவழிச் சாலையில் 100ல் போகிறவர் என்றால் 80க்கு இறங்குங்கள். காற்றுத் தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 55 கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம்தான் கூடும். இதைவிடப் பெரிய மிச்சம் வேறு எதிலும் இல்லை.

டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும். ஓடிச் சூடான டயர் கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள். பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் என்று யாராவது விற்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

நிற்கும்போது இன்ஜின் உதறுகிறதா, ஸ்டார்ட் ஆக மக்கர் செய்கிறதா, இன்ஜின் விளக்கு எரிகிறதா? அப்படியென்றால் ஸ்கேன் செய்து என்ன கோளாறு வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள், பிறகு செலவைப் பேசலாம். இவை எதுவும் இல்லையென்றால் ஐப்பசி வரை பொறுங்கள். காற்று ஓய்ந்த பிறகும் மூன்று டேங்க்கிலும் 15தான் வந்தால் அப்போது ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள்.