விலை உயர்ந்த புதிய அடுக்குமாடி வீடுகளால் சாதாரண வாடகைக்காரருக்கு என்ன பயன்?

“எங்கள் தெருவில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று கட்டுகிறார்கள். அதில் ஒரு வீட்டைக்கூட எங்களைப் போன்றவர்களால் வாங்க முடியாது. இப்படிப்பட்ட கட்டடங்களால் நகரத்தில் வீட்டு வாடகை குறையும் என்பது உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் இருக்கும் கசப்பைப் பார்த்தால் நீங்களும் வாடகை வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கசப்பை நான் அறிவேன். எங்கள் தெருவில் இதே போன்ற கட்டடம் வரவிருந்தபோது, அதை எதிர்த்து வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியவன் நான். இன்று கேட்டால், அத்தகைய கட்டடங்கள் நம்மைப் போன்றவர்களுக்கும் உதவுகின்றன என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த உதவி மெதுவாக வருகிறது, எல்லோருக்கும் வருவதில்லை.

நாங்கள் குடியிருந்தது நான்கு மாடிகள் கொண்ட பழைய கட்டடம். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் நெருங்கும்போதெல்லாம் வீட்டில் பேச்சுக் குறைந்துவிடும். வாடகை எவ்வளவு ஏறப்போகிறது என்பது தெரியும்வரை பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் முதல் மருத்துவச் செலவு வரை எதையும் திட்டமிட முடியாது. எதிரே நெடுங்காலம் மூடிக் கிடந்த கிடங்கு ஒன்று விற்பனையாகி, அங்கே இருபது மாடிக்கு மேல் எழப்போகிறது என்று தெரிந்தபோது எனக்கு வந்த கோபம் அந்த அச்சத்திலிருந்து வந்ததுதான். பணக்காரர்கள் குடிவருவார்கள், தெருவின் மதிப்பு உயரும், எங்கள் உரிமையாளர் அதைக் காரணம் காட்டி எங்களை வெளியேற்றுவார் என்று கணக்குப் போட்டேன். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து, “இவை எங்களுக்கான வீடுகள் அல்ல” என்று பேசினேன். பலர் கைதட்டினார்கள். கட்டடத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அடுத்த நான்கு ஆண்டுகள் தூசியிலும் இரைச்சலிலும் கழிந்தன.

குடியேற்றம் தொடங்கியபோது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. எங்கிருந்தோ அந்நியர்கள் வரப்போகிறார்கள் என்று நான் நினைத்திருக்க, முதலில் அங்கே போனவர்களில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த மருத்துவத் தம்பதியும் இருந்தார்கள். நல்ல வருமானம் இருந்தும், அருகில் வேறு நல்ல வீடு கிடைக்காததால்தான் அவர்கள் அத்தனை ஆண்டுகளும் எங்களோடு அந்தப் பழைய கட்டடத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் காலி செய்த வீடு இரண்டு மாதம் பூட்டியே கிடந்தது. எத்தனையோ முறை சொல்லியும் பழுது பார்க்கப்படாத அந்த வீட்டுக் குளியலறைக் கசிவை, ஆள் வராததைக் கண்ட உரிமையாளர் ஒரே வாரத்தில் சரிசெய்தார். பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் ஆசிரியர் குடும்பம் அங்கே வந்தது. ஆசிரியர் விட்டுவந்த சிறிய வீட்டுக்கு, என் அலுவலகத்தில் வாகனம் ஓட்டும் தம்பி ஒருவர் தாயையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். அதுவரை அவர்கள் மூவரும் நகரத்தின் விளிம்பில் ஒற்றை அறையில் இருந்தவர்கள். அந்த அடுக்குமாடிக் கோபுரத்தின் வாசலைக்கூட மிதித்திராத அந்தத் தம்பிக்கு, அது கட்டப்பட்டதால் ஒரு சமையலறையும் ஒரு தனி அறையும் கிடைத்தன.

அந்த ஆண்டு எங்கள் ஒப்பந்தம் பழைய வாடகைக்கே புதுப்பிக்கப்பட்டது. “இருக்கிறவர்கள் இருந்தால் போதும்” என்றார் உரிமையாளர். அவர் மனம் மாறிவிடவில்லை. மேல்மாடி வீடு காலியாகக் கிடந்த இரண்டு மாதத்தை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு தெருவில் நடந்ததை வைத்து ஊருக்கே விதி எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்விதான். கட்டுமான நிறுவனங்களுக்காகப் பேசுகிறேன் என்றும் சிலர் சொல்லக்கூடும். எனக்குச் சொந்தமாக ஒரு சதுர அடி நிலமும் கிடையாது. நான் கண்டது தற்செயலா என்று அறிந்துகொள்ளத்தான் பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்கப் பொருளியலாளர் எவன் மாஸ்ட், பெருநகரங்களில் எழுந்த புதிய அடுக்குமாடிகளில் குடியேறிய 52,000 பேரின் முந்தைய முகவரிகளைத் தேடி, அந்த முகவரிகளுக்கு அடுத்து வந்தவர்கள் யார், அவர்கள் விட்டுவந்த வீடுகளுக்கு வந்தவர்கள் யார் என்று ஆறு சுற்றுகள் வரை தொடர்ந்து பார்த்தார். சந்தை விலையில் 100 பேர் குடியேறும் அளவுக்கு ஒரு புதிய கட்டடம் எழுந்தால், சராசரிக்கும் குறைந்த வருமானம் உள்ள பகுதிகளிலிருந்து 45 முதல் 70 பேர் வரை இடம்பெயர வழி பிறக்கிறது என்றும், அதன் பெரும்பகுதி மூன்று ஆண்டுகளுக்குள் நடந்துவிடுகிறது என்றும் அவர் மதிப்பிட்டார். பின்லாந்தின் ஹெல்சின்கியில் மக்கள்தொகைப் பதிவேடுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்விலும், நகர மையத்தில் கட்டப்பட்ட புதிய வீடுகளிலிருந்து தொடங்கிய இந்த வீடு மாறும் சங்கிலி குறைந்த வருமானப் பகுதிகளை விரைவாகவே எட்டியது தெரியவந்தது.

எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரத்தைப் பற்றி 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய கட்டடங்களுக்கு அருகே இருந்த உயர்தர வீடுகளின் வாடகை ஒப்பீட்டளவில் குறைந்தது. ஆனால் மலிவான வீடுகளின் வாடகை உயர்ந்தது. ஆகவே உங்கள் தெருவிலேயே வாடகை குறையும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நகரம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது பயன் தெளிவாக இருக்கிறது. கட்டடத்தின் காலடியில் இருப்பவருக்கு அது எந்த வடிவில் வரும் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஏன் விலை உயர்ந்த வீடுகளையே கட்டுகிறார்கள், நமக்கு ஏற்றதாகக் கட்டினால் என்ன என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். நகர நடுவே நிலத்தின் விலை, கடனுக்கான வட்டி, அனுமதிக்காகக் காத்திருக்கும் ஆண்டுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டாயமாக ஒதுக்க வேண்டிய வாகன நிறுத்தம் ஆகிய எல்லாம் சேர்ந்த பிறகு, புதிய வீடு எதுவும் மலிவாக வெளியே வருவதில்லை. இன்று நாம் மலிவானது என்று வாடகைக்கு எடுக்கும் வீடுகளில் பல, கட்டப்பட்ட காலத்தில் வசதி உள்ளவர்களுக்கானவையே. வயதான பிறகுதான் அவை நம் கைக்கு எட்டுகின்றன. புதியது கட்டப்படாத நகரத்தில் வசதி உள்ளவர் எங்கும் போய்விடுவதில்லை. பழைய வீட்டையே கூடுதல் வாடகைக்கு எடுத்துப் புதுப்பித்துக்கொள்கிறார். அந்தப் போட்டியில் தோற்பது நாம்தான். 2021-இல் கார்களில் பொருத்தும் மின்னணுச் சிப்களின் தட்டுப்பாட்டால் புதிய கார்கள் போதுமான அளவு வராதபோது பழைய கார்களின் விலை ஏறியதும் இதே காரணத்தால்தான்.

இவையெல்லாம் அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருந்தால்தான் நடக்கும். முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டி வைக்கப்பட்ட வீட்டிலிருந்து எந்தச் சங்கிலியும் தொடங்காது. கனடாவின் வான்கூவர் நகரம் 2017-இல் காலி வீடுகளுக்கு மதிப்பில் 1 விழுக்காடு வரி விதித்து, 2021-இல் அதை 3 விழுக்காடாக உயர்த்தியது இதனால்தான். எதிர்க் கட்டடத்தில் இரவு எட்டு மணிக்கும் விளக்கு எரியாத மாடிகளை நான் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இனிச் சொல்லப்போவது எனக்கு வலிக்கிற செய்தி. அந்தக் கிடங்கின் பின்புறத்தில், அதே மனைக்குள், ஓட்டுக் கூரை போட்ட சிறு வீடுகள் பதினொன்று வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றில் இருந்த மூதாட்டி துணி தைத்துப் பிழைத்தவர். என் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளை அவர்தான் ஆண்டுதோறும் தைத்துத் தந்தார். என் மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. எழுத்துக்கூட்டி, நிதானமாகப் போட்டார். கட்டடத்தின் உயரம், போக்குவரத்து நெரிசல், எங்கள் சன்னல்களுக்குக் குறையப்போகும் வெளிச்சம் என்று அந்த மனுவில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். இடிபடப்போகும் அந்தப் பதினொரு வீடுகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று மாதத்தில், ஒரு சிறு தொகை கொடுத்து அனைவரையும் காலி செய்ய வைத்தார்கள். மூதாட்டி வெகுதொலைவில் இருந்த மகள் வீட்டுக்குப் போனார். அங்கே அவரிடம் தைக்கக் கொடுக்கிறவர் யாரும் இல்லை என்று மகள் சொன்னார். வீடு மாறும் சங்கிலி நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு வாகன ஓட்டியான தம்பிக்கு உதவியது உண்மை. முதல் நாளிலேயே வீட்டை இழந்த அந்த மூதாட்டியை அது எட்டவே இல்லை.

ஆகவே கட்டலாமா கூடாதா என்பதில் நான் கட்டலாம் என்பவர்களோடு நிற்கிறேன். குடியிருக்கும் வீடுகளை இடித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்றால், இடிக்கப்பட்ட வீடுகளுக்கு ஈடான வீடுகளைப் பழைய வாடகைக்கே அதே மனையில் தர வேண்டும் என்று கேட்பவர்களோடும் நிற்கிறேன். சந்தையால் தாங்க முடியாத அளவு குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசே கட்டித்தான் ஆக வேண்டும். ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் மாநகராட்சியின் வீடுகளிலும் அரசு உதவி பெற்ற கூட்டுறவு வீடுகளிலும் வாழ்கிறார்கள். சிங்கப்பூரில் வசிப்போரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் 1960-இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். அந்தப் பொறுப்பைத் தனியார் கோபுரங்களின் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வதை நான் ஏற்கவில்லை.

உங்கள் தெருவில் அந்தக் கட்டடம் எழும் மனையில் இதற்கு முன் யாராவது குடியிருந்தார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. வெறும் நிலமாகவோ மூடிய கிடங்காகவோ மட்டும் இருந்தது என்றால், அந்தக் கட்டடம் எழுவதை நான் வரவேற்பேன். குடியிருந்தார்கள் என்றால், அவர்கள் எத்தனை குடும்பங்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் இன்னும் முடியவில்லை என்றால், உங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே அவர்களைக் குறிப்பிடுங்கள்.