செட்டிநாட்டு வாசலில் நிழல் மரங்கள்: கேள்வியும் பதிலும்

வாசல் வேம்பின் நுனிக் கொப்புகள் கார்த்திகையிலிருந்து கருகி நிற்கின்றன. வெட்டிவிடலாமா? (காரைக்குடி)

வேண்டவே வேண்டாம். இது நுனிக் கருகல். ஒரு பூஞ்சாணமும் தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியும் சேர்ந்து செய்யும் வேலை. ஈரமும் குளிர்ச்சியும் கூடும் மழைக்காலத்தில் மிகும். கருகிய கொப்பின் அடியில் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் மரத்துக்கு உயிர் இருக்கிறது. மாசி, பங்குனி வெயிலில் பெரும்பாலான வேம்புகள் தாமாகத் துளிர்த்துவிடும். எட்டுகிற கொப்புகளை மட்டும் பச்சைப் பகுதி வரை வெட்டி எரித்துவிடுங்கள். வளர்ந்த மரத்துக்கு மருந்து அடிப்பது காசுக்கும் கேடு, தேனீக்கும் கேடு.

புங்கன் இலை முழுக்கக் கொப்புளம். என்ன தெளிக்கலாம்? (பள்ளத்தூர்)

எதுவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் உண்டாக்கும் முடிச்சு அது. பார்வைக்குத்தான் குறை, மரம் தாங்கிக்கொள்ளும்.

மகிழங்கன்று நட்டு மூன்று வருடமாகியும் இடுப்பளவைத் தாண்டவில்லை. உரம் போதவில்லையா? (கானாடுகாத்தான்)

உரத்தை மறந்துவிட்டுக் குழியைப் பாருங்கள். மகிழம் இயல்பிலேயே நிதானமாக வளரும் மரம்தான். ஆனால் நம் பக்கத்தில் பல இடங்களில் ஓரிரு அடிக்குக் கீழே செம்புராங்கல். கடப்பாரையால் குழி எடுத்து, உள்ளே வண்டலும் எருவும் நிரப்பி நட்டுவிடுகிறோம். குழியின் சுவர் கல்லாக இருப்பதால் அது ஒரு தொட்டியாகிவிடுகிறது. மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும், கோடையில் சுடும். வேரும் வெளியே வழியில்லாமல் குழிக்குள்ளேயே சுற்றும்.

குழியின் ஓரத்திலிருந்து மூன்று நான்கு திசைகளில், கை நீளத்துக்குக் கல்லை உடைத்து வாய்க்கால்போல் வழி விடுங்கள். அதில் தோண்டிய மண்ணையே கொஞ்சம் எருவோடு கலந்து போடுங்கள். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதை நிறுத்தி, வாரம் ஒருமுறை, பாத்தியை அகலமாக்கி, ஆழ நனையும்படி விடுங்கள். சருகு மூடாக்கு நல்லது, ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் கரையான் ஏறும். நடும்போது பாலிதீன் பையோடு சுருண்டிருந்த வேரை வெட்டிவிடாதவர்கள்தான் பாதிப்பேர். அதைக் கவனிக்காமல் எவ்வளவு எரு இட்டும் பயனில்லை.

ஜெர்மனியிலிருக்கும் மகன் லிண்டன் மர விதை கொண்டுவந்திருக்கிறான். தேவகோட்டையில் வளருமா?

வளராது. பெர்லினில் ஒரு பெரிய வீதிக்கே பெயர் கொடுத்த மரம்தான், ஆனால் அதன் விதை முளைக்கவே மாதக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும். தப்பி முளைத்தாலும் நம் சித்திரை வெயிலில் இலை ஓரம் தீயும். மகனின் ஆசைக்குப் பூவரசு நடுங்கள். இரண்டையும் இன்று ஒரே குடும்பத்தில்தான் தாவரவியலாளர்கள் வைக்கிறார்கள்; இலையும் அதே இதய வடிவம். போத்து (வெட்டிய கிளை) நட்டால் சீக்கிரம் நிழல் வரும், ஆனால் பெரிய போத்திலிருந்து வரும் மரம் நாளடைவில் கோணி, நடுவில் பொந்து விழும். விதையில் முளைத்த கன்றாகக் கேட்டு வாங்கி, ஐப்பசி மழையோடு நடுங்கள்.