தீவிலிருந்து வந்த பழச்சாறும் உங்கள் சிறுநீரகமும்

கேள்வி: எனக்கு வயது 59. சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளன. இரத்தக் கொதிப்புக்கு டெல்மிசார்டன் மாத்திரையும் சர்க்கரைக்கான மாத்திரைகளும் எடுத்துக்கொள்கிறேன். சென்ற மாதப் பரிசோதனையில், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 1.8 என்று வந்தது. என் மைத்துனர் ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் சேர்ந்து நோனிப் பழச்சாறு விற்கிறார். பசிபிக் தீவு ஒன்றின் எரிமலை மண்ணில் விளைந்து, கையால் பறிக்கப்பட்ட பழம் என்றும், சிறுநீரகத்துக்கு நல்லது என்றும் சொல்லிச் சில சான்றிதழ்களையும் காட்டினார். இவற்றை நம்பலாமா? நான் குடிக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். உங்கள் உடல்நிலையில் அந்தச் சாறு வேண்டாம். தீவைப் பற்றி மைத்துனர் சொல்வது ஒவ்வொன்றும் உண்மையாகவே இருந்தாலும் என் விடை மாறாது.

நோனி மரம் ஒரு தீவுக்கு மட்டும் உரியதன்று. தெற்காசியா, தென்கிழக்காசியா தொடங்கி வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை வளர்கிறது. ஒரு குறிப்பிட்ட தீவின் பழம் மருத்துவக் குணத்தில் உயர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால், பல இடங்களின் பழங்களையும் நோயாளிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். விற்பனைக் கூட்டங்களில் காட்டப்படுவதோ பெரும்பாலும் தோட்டத்தின் படம்தான். மண் வளமானதாகவே இருக்கட்டும். அதிலிருந்து பழத்துக்குள் எது எவ்வளவு சென்றது, பிழிந்து, புளிக்கவைத்து, சூடேற்றி, வேறு சாறு கலந்த பிறகு புட்டியில் எவ்வளவு மிஞ்சியது என்பதை மண் சொல்லாது. பழுத்த நோனியை ஒருமுறை முகர்ந்தவர்கள், அதில் ஏன் திராட்சைச் சாறு கலக்கிறார்கள் என்று கேட்கமாட்டார்கள். லேபிளில் உட்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததற்கு வரிசைப்படுத்த வேண்டும் என்பது கோடெக்ஸ் எனப்படும் பன்னாட்டு உணவுத் தர விதி. ஆகவே மைத்துனர் தந்த புட்டியைத் திருப்பி, முதலில் எழுதியிருப்பது நோனியா, தண்ணீரா, வேறு பழமா என்று பாருங்கள். 'சிறப்புக் கலவை' என்று ஒரே பெயரில் பத்துப் பொருள்களை அடக்கி, தனித்தனி அளவைச் சொல்லாமல் விட்டிருந்தால், ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது.

பிறப்பிடம் உண்மையாக இருப்பதே பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து அப்பர் கிளாமத் ஏரி நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஏரியில் தானாக வளரும் ஒரு நீலப்பச்சைப் பாசியை அறுவடை செய்து ஆரோக்கிய உணவாக விற்றார்கள். இயற்கையான ஏரியில் தானே விளைந்தது என்பதுதான் அதன் பெருமை, அது பொய்யுமன்று. ஆனால் அதே நீரில் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சை உண்டாக்கும் வேறொரு பாசியும் வளர்ந்தது. 1997-இல் ஓரிகன் அரசு, ஒரு கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்று அந்த நஞ்சுக்கு வரம்பு வைத்தது. 2000-இல் வெளியான ஆய்வில், பரிசோதித்த 87 மாதிரிகளில் 85-இல் நஞ்சு இருந்தது; 63 மாதிரிகள் அந்த வரம்பைத் தாண்டியிருந்தன. விளம்பரம் பெருமையாகச் சொன்ன ஏரிதான் அந்த நஞ்சு கலந்ததற்கும் காரணம். அதைக் கண்டுபிடித்தது ஏரியின் படமன்று, மாதிரிகளை எடுத்துச் செய்த பரிசோதனை.

சான்றிதழ்களுக்கு வருவோம். நல்ல உற்பத்தி நடைமுறைச் சான்றும் ஐஎஸ்ஓ சான்றும் தொழிற்சாலை எப்படி நடத்தப்படுகிறது என்பதைப் பற்றியவை. சாறு நோயைக் குணமாக்கும் என்பதற்கு அவை சாட்சியல்ல. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் ஆலையைப் பதிவு செய்திருப்பதற்கும், அந்த அமைப்பு பொருளுக்கு ஒப்புதல் தந்ததற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஓராக் என்ற எண்ணைக் காட்டி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் இத்தனை மடங்கு என்பார்கள். சோதனைக் குழாயில் அளந்த அந்த எண்ணுக்கும் மனித உடலில் நிகழ்வதற்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதால், அமெரிக்க வேளாண் துறை 2012-இல் தன் ஓராக் பட்டியலையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. எனக்குப் பயன்படும் தாள் ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கையிலுள்ள புட்டியின் பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டு, நிறுவனத்தைச் சாராத ஆய்வகம் ஒன்று, ஈயம், காட்மியம், பூச்சிக்கொல்லி, நுண்ணுயிர்கள், சர்க்கரை, பொட்டாசியம் ஆகியவற்றை அளந்து, தேதியுடன் தந்த அறிக்கை. அதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வண்ணக் கையேடுதான் மறுபடியும் வரும்.

அந்தப் பட்டியலில் பொட்டாசியத்தைச் சேர்த்தது உங்களுக்காகவே. உங்கள் கிரியேட்டினின் காட்டுவதுபோல் சிறுநீரகச் செயல்பாடு குறையும்போது பொட்டாசியம் வெளியேறுவது குறைகிறது. டெல்மிசார்டன் வகை மருந்துகள், அவை சிறுநீரகத்துக்கு நன்மை செய்பவையே என்றாலும், இரத்தத்தில் பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தக்கூடியவை. சிறுநீரகம் பழுதடைந்த ஒருவர், பொட்டாசியம் குறைந்த உணவை உண்டுவந்தும், நோனிச் சாறு குடித்ததால் பொட்டாசியம் உயர்ந்து மருத்துவரிடம் வந்த செய்தி 2000-இல் மருத்துவ இதழில் வெளியானது. அளந்து பார்த்தபோது அச்சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 56 மில்லிமோல் பொட்டாசியம் இருந்தது. ஆரஞ்சு, தக்காளிச் சாறுகளின் அளவுதான். நேர்மையாகச் சொன்னால், நாளுக்கு 60 மில்லி சாறு குடித்தால் அதில் வருவது சுமார் 130 மில்லிகிராம் பொட்டாசியம். அது மட்டுமே ஆபத்தன்று. பலன் தெரியவில்லை என்றால் விற்பவர்கள் சாற்றின் அளவைக் கூட்டச் சொல்வதும், மருந்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்பதும்தான் என் அச்சம். பொட்டாசியம் மிகும்போது பலருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. இதயத் துடிப்பு தடுமாறுவதே முதல் அறிகுறியாகிவிடலாம். நோனியால் கல்லீரல் பாதிப்பு என்ற செய்திகள் 2005-இல் வந்தபோது, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அவற்றை ஆராய்ந்து, சாறுதான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. ஆகவே அதை வைத்து உங்களை அச்சுறுத்தமாட்டேன்.

குடித்த பின் குமட்டலோ வயிற்றுப்போக்கோ வந்தால், 'உடலிலிருந்து நச்சு வெளியேறுகிறது, நிறுத்தாதீர்கள்' என்று விற்பனைக் கூட்டங்களில் சொல்லிக்கொடுப்பதுண்டு. வயிற்றுப்போக்கால் நீர்ச்சத்து குறைந்தால் உங்கள் கிரியேட்டினின் மேலும் ஏறும். ஏற்கெனவே குடிக்கத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்தி, இந்த வாரத்திலேயே பொட்டாசியத்தையும் கிரியேட்டினினையும் பரிசோதித்து, முடிவையும் புட்டியையும் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். படபடப்போ, கை கால்களில் தளர்ச்சியோ இருந்தால் வாரக் கணக்குப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். மாத்திரைகளை நீங்களாக மாற்ற வேண்டாம்.

மைத்துனர் உங்களை ஏமாற்றுவதாக நான் நினைக்கவில்லை. தனக்கு மேலே உள்ளவர் சொன்னதை நம்பி, தன் பணத்தில் புட்டிகளை வாங்கி அடுக்கியிருப்பவராகவே அவர் இருக்கக்கூடும். அவரோடு தீவைப் பற்றி வாதிட வேண்டியதில்லை. 'என் சிறுநீரகத்துக்குப் பொட்டாசியம் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்' என்றால் போதும், அது உண்மையும்கூட.