சின்னங்களும் ஒரு மொழி என்றால் அதற்கு இலக்கணம் எதற்கு? படம் பார்த்தாலே புரியாதா?

படத்தைப் பார்த்தால் எதைப் பற்றிய பேச்சு என்று புரியும். என்ன சொல்ல வருகிறது என்பது புரியாது. இஸ்திரிப் பெட்டியின் படம் "இஸ்திரி" என்கிறது, அவ்வளவுதான். போடலாமா கூடாதா, எவ்வளவு சூட்டில், நீராவியோடா இல்லாமலா என்பதையெல்லாம் சொல்ல வேறு ஏதோ வேண்டும். இலக்கணம் நுழைவது அந்த இடத்தில்.

இதற்கு எமோஜியை உதாரணம் காட்டுவது வழக்கம். அதைவிடக் கறாரான சின்ன மொழி ஒன்று உங்கள் சட்டையின் பக்கத் தையலிலேயே இருக்கிறது. திருப்பூரில் வாஷ் கேர் லேபிள் என்பார்களே, அது.

அதில் சொற்கள் ஐந்துதான். தண்ணீர்த் தொட்டி துவைப்பதற்கு, முக்கோணம் பிளீச்சுக்கு, சதுரம் காயவைப்பதற்கு, இஸ்திரிப் பெட்டி இஸ்திரிக்கு, வட்டம் டிரை கிளீனிங் மாதிரி கடையில் கொடுத்துச் செய்யும் வேலைக்கு. லேபிளில் வருகிற வரிசையும் இதேதான். 1958-இல் பாரிஸில் கூடிய கருத்தரங்கில் பேச்சு தொடங்கி, 1963-இல் இந்தச் சின்னங்களுக்கென கினெடெக்ஸ் என்ற அமைப்பு உருவாகி, இன்று இது ஐ.எஸ்.ஓ. 3758 என்ற சர்வதேசத் தரநிலையாக இருக்கிறது.

மற்றவை புள்ளி, கோடு, எண், பெருக்கல் குறி. இவை எதுவும் தனியாக நின்றால் பொருள் தராது. நம் இலக்கணத்தில் இடைச்சொல் தனித்து இயங்காது என்று படித்தோமே, அதே குணம். புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரிப் பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு 150, மூன்று 200 (அந்தத் தரநிலையின் 2012 பதிப்பின்படி). சதுரத்துக்குள் வட்டம் போட்டு, அதில் ஒரு புள்ளி வைத்தால் டிரையரில் 60 டிகிரி, இரண்டு வைத்தால் 80. அமெரிக்க முறையில் தொட்டிக்குள்ளும் புள்ளி வரும். அங்கே ஒரு புள்ளி 30 டிகிரி, இரண்டு 40. ஆகவே "ஒரு புள்ளி எத்தனை டிகிரி?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. எதோடு சேர்ந்தது என்று கேட்டால்தான் பதில் வரும்.

கோடு இன்னும் வம்பு. தொட்டிக்குக் கீழே ஒரு கோடு என்றால் மென்மையாகத் துவை, இரண்டு என்றால் மிக மென்மையாக. அதே படுக்கைக் கோடு சதுரத்துக்குள் போய்விட்டால் தட்டையாக விரித்துக் காயவை என்று ஆகிவிடும். ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்ப் பாரத்தில் நீண்டு உருக்குலையும், அதற்காக. சதுரத்துக்குள் செங்குத்துக் கோடு ஒன்று இருந்தால் கொடியில் போடு; இரண்டு இருந்தால் பிழியாமல் சொட்டச் சொட்டப் போடு. சாய்ந்த கோடுகள் இரண்டு முக்கோணத்துக்குள் இருந்தால் குளோரின் இல்லாத பிளீச் மட்டும். சதுரத்தின் இடது மேல் மூலையில் சாய்ந்த கோடு இருந்தால் (ஐ.எஸ்.ஓ. முறையில் ஒன்று, அமெரிக்க முறையில் இரண்டு) நிழலில் காயவை. நம்மூர் மொட்டை மாடி வெயிலுக்கு இந்தக் கடைசிக் குறிதான் மிக முக்கியம், அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. கறுப்புச் சட்டை சாம்பல் நிறமாகும்போது பழி சோப்புத் தூள் மேல் விழும்.

அதிகம் பேர் தடுமாறுவது வட்டத்தில்தான். பெருக்கல் குறி போட்ட வெறும் வட்டம் "டிரை கிளீனிங் வேண்டாம்". பெருக்கல் குறி போட்ட, சதுரத்துக்குள் இருக்கும் வட்டம் "டிரையரில் போடாதே". முதலாவதை டிரையருக்கான தடை என்று படித்துவிட்டு, துணி சுருங்காமல் இருப்பதைப் பார்த்து லேபிளே பொய் என்பவர்கள் உண்டு.

எதிர்மறையின் எல்லை எதுவரை என்பது அடுத்த சிக்கல். "நீராவி விட்டு இஸ்திரி போடாதே" என்ற வாக்கியத்தில் தடை இஸ்திரிக்கா, நீராவிக்கா? அமெரிக்க முறை இதை அழகாகத் தீர்த்திருக்கிறது. பெட்டியின் அடியில் நீராவிக் கோடுகளை வரைந்து அவற்றை மட்டும் அடித்துவிட்டால், நீராவி வேண்டாம், இஸ்திரி போடலாம். பெட்டி முழுவதையும் அடித்தால் இஸ்திரியே கூடாது. அடித்தல் எங்கே விழுகிறது என்பதிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் லேபிள் சின்னதாக இருந்து, அச்சும் பல துவையலில் மங்கியிருந்தால், எது அடிபட்டது என்றே தெரியாது. அப்போது கடுமையான தடையாகவே எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

தொட்டிக்குள் 40 என்றால் 40 டிகிரியில்தான் துவைக்க வேண்டும் என்று நினைப்பது இன்னொரு பரவலான தவறு. அது ஏவல் இல்லை, உச்ச வரம்பு. 40-ஐத் தாண்டாதே, குறைவாக எவ்வளவிலும் துவை என்பதே பொருள். குழாய்த் தண்ணீரையே எடுக்கும், ஹீட்டர் இல்லாத டாப் லோட் மெஷின் வைத்திருப்பவருக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. கீழே உள்ள கோடுகளைத்தான் அவர் பார்க்க வேண்டும். கோடு இருந்தால் மென்மையான சுழற்சியை வைத்து, டிரம்மில் துணியைக் குறைத்துப் போட வேண்டும். வரம்பா கட்டளையா என்ற வேறுபாட்டைச் சாலைக் குறிகள் நிறத்தாலேயே காட்டிவிடுகின்றன. 1968-இன் வியன்னா ஒப்பந்தக் குறிகளில் சிவப்பு வளையத்துக்குள் 30 என்றால் அதற்கு மேல் போகாதே. நீல வட்டத்துக்குள் 30 என்றால் அதற்குக் கீழே போகாதே. ஒரே எண், நேர் எதிர்ப் பொருள். நம் நாட்டுக் குறிகளில் ஹார்னும் அப்படித்தான்: சிவப்பு வளையமும் குறுக்குக் கோடும் இருந்தால் அடிக்காதே, நீல வட்டத்தில் இருந்தால் கட்டாயம் அடி.

எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை, உருபு இல்லாததே அதன் அடையாளம் என்போம். லேபிளிலும் இல்லாமைக்குப் பொருள் உண்டு. தொட்டிக்குக் கீழே கோடு இல்லையென்றால் சாதாரணத் துவையல். வெறும் முக்கோணம் என்றால் எந்த பிளீச்சும் சரி. ஒரு சின்னமே விடுபட்டிருந்தால், ஜப்பானியத் தரநிலைப்படி அந்த வேலையை எப்படியும் செய்யலாம் என்று பொருள். வாங்குபவரோ "ஒன்றும் சொல்லவில்லையே" என்று பயப்படுகிறார். இலக்கணம் தெரியாதவருக்கு மௌனம் வெறும் மௌனமாகத்தான் கேட்கும்.

ஜப்பானைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடலாம். 2016 டிசம்பர் வரை அங்கே தனி முறை இருந்தது. மொத்தம் 22 சின்னங்கள். சலவை இயந்திரத்தின் படமே இருக்கும், இஸ்திரிப் பெட்டிக்குள் உயர், நடு, தாழ் என்று எழுத்தே இருக்கும். பார்த்த உடனே புரியும்தான், ஆனால் அந்த எழுத்து தெரிந்தவருக்கு மட்டும். மாறிய பிறகு சின்னங்கள் 41 ஆயின. கூடியதால் சுமை கூடவில்லை. ஐந்து அடிப்படை உருவங்களும் நாலைந்து ஒட்டுகளும் தெரிந்தால், இதுவரை பார்க்காத சேர்க்கையையும் படித்துவிடலாம்.

படிக்கும் முறை: முதலில் பெருக்கல் குறி எங்கெங்கே என்று பாருங்கள். பிறகு அடிப்படை உருவம், அதற்குள் என்ன, அதற்குக் கீழே என்ன. பல துணிகளை ஒன்றாகப் போடுவதானால் எல்லா லேபிள்களிலும் உள்ள மிகக் குறைந்த எண்ணையும் மிக அதிகமான கோடுகளையும் சேர்த்து எடுங்கள். ஒன்றில் 60, கோடு இல்லை. இன்னொன்றில் 40, ஒரு கோடு. மற்றொன்றில் 30, கோடு இல்லை என்றால், விடை 30, ஒரு கோடு. மூன்று லேபிளில் எதிலும் அச்சாகாத வாக்கியம் அது.